தோளில் ஒரு தட்டு

மார்ச் 4
அவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து இரண்டாம் நாள். அடுப்படியில் தண்ணீர்க் குடம் கைநழுவி விழுந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் மட்டும் திரும்பவில்லை. பீரங்கி அவர் காதைத் தின்றுவிட்டது. ஊரில் எந்தக் கிணற்று மோட்டார் மக்கர் செய்தாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொன்ன மனுஷன்.

மார்ச் 5
தோளில் தட்டி எழுப்பினேன். கட்டிலிலிருந்து குதித்துத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். விழுந்து விழுந்து சிரித்தேன். காரணம் சொன்னதும் சிரிப்பு செத்துவிட்டது.

எதிரியின் குண்டு விசிலடித்துக்கொண்டு வருமாம். கேட்டவுடன் குழிக்குள் குதிக்க வேண்டும். இவருக்குத்தான் கேட்காதே! பக்கத்தில் நிற்கும் நெட்டை என்கிற சிநேகிதர் தோளில் தட்டுவாராம்.

"அதிகாரிகிட்ட சொல்லலையா?" வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"சொன்னேனே. குண்டு திணிக்கிறவனுக்குக் காது எதுக்குடான்னு சிரிக்கிறாரு."

மார்ச் 12
போய்விட்டார். பஸ் நகர்ந்தபோது கூப்பிட்டேன். பழக்கதோஷம்.

ஏப்ரல் 20
போன். அவரே பேசினார், அவரே வைத்தார். "நெட்டை இருக்கான், பயப்படாத." முகம் தெரியாத அந்த ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். கட்டின புருஷனுக்காகக்கூட இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

மே 17
வாசலில் ஒரு உயரமான ஆள். கையில் பிஸ்கட் பொட்டலம். "அண்ணி, நான்தான் நெட்டை. அண்ணன் குடுத்தனுப்பினாரு." நெட்டையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், லீவில் போகிற வழியாம். அத்தை, என் புருஷனைப் பெற்றவர், தன் மகனே வந்த மாதிரி சோறு போட ஓடினார்.

"நீங்க இங்க வந்துட்டா, அங்க யாருங்க தட்டுவா?"

"புதுசா வந்தவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன் அண்ணி."

சொன்னால் ஆச்சா? தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? தலைக்கு மேல் குண்டு வரும்போது எவன் அடுத்தவன் தோளைத் தேடுவான்? போங்க, இப்பவே திரும்பிப் போங்கன்னு கத்திட்டேன். இலை போட்டு உட்கார்ந்த மனுஷனை. அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு கிளம்பினார்.

மே 18
நெட்டை ஊருக்குப் போகவில்லையாம். பட்டாளத்துக்கே பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பெற்றவளைப் பார்க்க வந்தவரை விரட்டிவிட்டேன். பாவம்தான். இருக்கட்டும். நெட்டை அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.

மே 23
நேற்று சவப்பெட்டியோடு நெட்டைதான் வந்தார். நெட்டை அங்கே போய் இறங்குவதற்கு முந்தின நாளே இவர் கதை முடிந்துவிட்டதாம். புதியவன் விசில் கேட்டதும் குழிக்குள் குதித்துவிட்டான். அவனை என்ன சொல்ல?

பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். அத்தை அதன் மேல் விழுந்து, "எழுந்திரிடா, எழுந்திரிடா" என்று ஊரே அதிரக் கத்தினார். அவருக்குத்தான் கேட்காதே அத்தை.

எல்லாரும் சற்று விலகினார்கள். தோள் இருக்கும் என்று நினைத்த இடத்தில் மெதுவாகத் தட்டினேன்.