ஜூன் முப்பத்தொன்று

ஜூன் 26

அன்புள்ள குட்டிம்மா,

நலம் என்று எழுத ஆசைதான். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதமாகிறது. இந்த அக்குள் கட்டிகள்தான் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. ஒன்று உடைந்து வடுவானால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்புகிறது. வடு இழுத்துப் பிடித்து, அச்சகத்தில் மேல் தட்டிலிருக்கும் காகிதக் கட்டை எடுக்கக் கை தூக்க முடியவில்லை. மருந்து பலிக்கவில்லை என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். ஜூலை 15 அன்று அக்குள் தோலையே வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டப்போகிறாராம். நீ வந்து கையெழுத்துப் போடவேண்டும். மருந்தை நான் ஒருநாளும் விடவில்லை. மருந்து போட்ட நாளுக்கெல்லாம் டிக் அடிக்க டாக்டர் தந்த ஜூன் மாத அட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இனியாவது நம்பு.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 1

மாண்புமிகு கணவருக்கு,

அட்டை கிடைத்தது. எல்லா மாதத்துக்கும் பொதுவாக முப்பத்தொரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். நீங்களும் முப்பத்தொன்றிலும் டிக் அடித்திருக்கிறீர்கள். ஜூனுக்கு ஏதய்யா முப்பத்தொன்று? அதுவும் இருபத்தாறாம் தேதியே! சீ! பீரோவுக்குப் பின்னால் நீங்கள் எறிந்த மாத்திரைகளை விளக்குமாற்றால் இழுத்தேனே, அன்றைக்கு வந்த அருவருப்பு மறுபடி தொண்டை வரை வந்துவிட்டது. போடாத மருந்து எப்படிப் பலிக்கும்? வீணாக உடம்பை அறுத்துக்கொள்ளப் போகிறீர்களா? டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் கையெழுத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 5

குட்டிம்மா,

எந்த முகத்தோடு சொல்வேன்? நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் என் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்கிறார் டாக்டர். களிம்பு போடக் கையைத் தூக்கினால் சீழ் வாடை. என் உடம்பைத் தொட எனக்கே குமட்டுகிறது. மாத்திரை போட்டாலோ வயிற்றைப் புரட்டுகிறது. நீ கழுவிவிடும்போது ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பார்த்தேன். அன்றோடு எல்லாம் விட்டுப்போச்சு. வெட்டட்டும், தொலையட்டும்.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 8

உங்களுக்கு,

ஆமாம், திருப்பினேன். நாற்றம் தாங்கவில்லை. மறுநாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவினேனே, அது மட்டும் கண்ணில் படவில்லையா? வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லவேண்டியதுதானே, பீரோவிடமா சொல்வார்கள்? இதற்குமேல் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்காரி

ஜூலை 13

குட்டிம்மா,

நேற்று போட்டு உடைத்துவிட்டேன். டாக்டர் வழக்கம்போல என் அட்டையைத் தூக்கியதும், "அத்தனையும் பொய் சார். வர்ற வழியில பஸ்ஸுல உக்காந்து டிக் அடிச்சது" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. பின்வரிசையில் குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். "நானுந்தான் சார்." அப்புறம் ஒரு டீச்சரம்மா, "எனக்கும் அந்தக் களிம்பைக் கண்டாலே ஆகாது சார்" என்று அழுதுவிட்டார். கூடம் முழுக்கப் பொய்யர்கள்! பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

வெட்டு மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்க்கச் சொன்னார்.

இன்று காலை நானே கழுவினேன். பாதியில் வாந்தி வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபக்கத்தையும் கழுவினேன்.

நீ வா. கழுவிவிட என்று மட்டும் வராதே.

உன் வீட்டுக்காரன்