மூடியில் இருந்த பெயர்

மீவாட்ன் ஏரிக்கரை,
மே 27

என் ஸ்வாலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். வயிற்றுவலி தேவலையா? அதனால்தான் நீ சுற்றுலாவுக்கு வரவில்லை என்று ஹால்டோரா டீச்சர் சொன்னார். நல்ல வலிதான், போ! இந்தக் கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது நான்தான் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பிள்ளை இறங்கும்வரை பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது.

உன் வகுப்பு வாலில்லாத வானரக் கூட்டம். அமெரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய நிலத்தட்டும் விலகி நிலம் பிளந்த இடத்தில் இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு, ஒரு கால் அமெரிக்கா, ஒரு கால் ஐரோப்பா என்று ஒரே கத்தல். கொதிசேற்றுக் குழிகளுக்கு வந்ததும் கந்தக நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, யார்டா விட்டது என்று ஸ்டெய்னார் ஆரம்பித்துவிட்டான்.

அங்கேதான் உன் தோழி ஈதுன் என்னிடம் வந்தாள். "எங்க கிளாஸ்ல ஒருத்தி வரல. பாவம், அவ அம்மா டென்மார்க்ல இருக்காங்களாம். ரெண்டு வருஷமா ஒரு போன்கூட இல்லையாம்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஞாயிறுதோறும் அடித்து ஓய்கிற போன் யாருடையதடி? நான் உன் அப்பாவை விட்டுத்தான் வந்தேன், உன்னை விட்டல்ல. எத்தனை தரம் சொல்வது?

பிறகு, முந்தின நாள் பூமிச் சூட்டில் வேகட்டும் என்று மண்ணில் புதைத்திருந்த ரொட்டிப் பாத்திரங்களைத் தோண்டி எடுத்தோம். ஸ்டெய்னார் எடுத்த மூடியில் உன் பெயர். சின்னவளாக இருந்தபோது சிவப்புச் சாயத்தில் நீயே எழுதியது. நீ வருவாய் என்று அதில்தான் உனக்கு மாவு வைத்திருந்தேன். "யாருங்க இந்த ஸ்வாலா? எங்க கிளாஸ்லயும் ஒருத்தி இருக்கா" என்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். பெற்ற மனசு விடவில்லை.

"எங்க வீட்டு ஆடுப்பா, சரியான பிடிவாதக்காரி" என்றேன்.

ஆட்டுக்கு ரொட்டியா என்று சிரித்தார்கள். செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன். இனி உன்னைக் கண்டால் "மே" என்று கத்துவார்கள். பொறுத்துக்கொள், எல்லாம் நீ இழுத்துவைத்த வினை. ரொட்டியை டீச்சரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவருக்கு விஷயம் தெரியும், வெளியே சொல்லமாட்டார். வெண்ணெய் தாராளமாகத் தடவிச் சாப்பிடு.

இங்கே குட்டி ஈன்று முடிந்தது. அடுத்த மாதம் ஆடுகளை மலைக்கு ஓட்டிவிடுவோம். செப்டம்பரில் இறங்கி வரும். காதடையாளம் பார்த்து அவரவர் ஆட்டை அவரவர் வீட்டுக்குக் கூட்டிப்போவோம். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று எந்த ஆட்டையும் இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, கண்ணே.

நன்றாயிரு.

உன்னை ஈன்றவள்,
டென்மார்க்கில் இல்லாத அம்மா