தனியே என்ற ஒரு சொல்

11 மாசி 2024, ஞாயிறு

கனிசியஸின் நாவலில் பாதி தாண்டிவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. என் கணவர் லோஜன் சட்டியைச் சுரண்டிக்கொண்டே, "நல்ல புத்தகம்தான் போலை" என்றார்.

நல்ல புத்தகம்தான். எத்தனையோ வருஷமாக நோர்வேயில் இருக்கிற மனுஷன் எங்கள் கடலை இப்படி எழுதுகிறாரே! கொந்தளிப்பு வருமுன் கரையில் வள்ளங்களை இழுத்துப் போடும் கூச்சல் – அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். நல்லூர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் நான் பேசவேண்டும். இந்த நாவலைப் பற்றியும், நமசிவாயம் சேர் எழுதிய வடகரை வரலாற்றைப் பற்றியும். இரண்டும் எங்கள் கரையின் கதை என்பதால் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

வரலாறு பிறகு. தடித்த புத்தகம். அடிக்குறிப்புகளைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது.

14 மாசி, புதன்

நாவலில் வரும் வள்ளம் ஓட்டி சிமியோன் என் அப்பா!

முன்னுரையை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப் புறப்பட்டு, கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே கவிழ்ந்த வள்ளத்தின் கதையை ஒஸ்லோவில் ஒருவர் சொன்னாராம். 'தம்பிஐயா என்ற அந்த ஓட்டிக்கு வணக்கம்' என்று எழுதியிருக்கிறார். பெயரை மட்டும் மாற்றிவிட்டார்.

சிமியோன் ஒவ்வொரு பிள்ளையாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். திரும்பத் திரும்பப் போகிறான். கடைசி முறை போனவன் வரவில்லை. புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்து அறையில் அப்பா இருமினார். செத்துப்போன அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த இருமல் ஒருமாதிரி இருந்தது.

17 மாசி, சனி

வரலாற்றைத் தொடங்கினேன். கொட்டாவி வரும் என்று நினைத்தது பிழை. எங்கள் ஆட்கள் பாய்க்கப்பலில் பர்மா வரைக்கும் போய்வந்ததை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்! அலங்காரம் கிடையாது. எங்கிருந்து எடுத்தார் என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். நாவலைவிட இந்தக் குரலில்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. அதையே கூட்டத்தில் சொல்லலாம்.

18 மாசி, ஞாயிறு

நம்பிக்கை!

'வள்ளத்தை ஓட்டிய தம்பிஐயா என்பவர், பயணிகளைக் கைவிட்டுத் தனியே நீந்திக் கரையேறினார். சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர்.'

அவ்வளவுதான். அடுத்த பந்தி மீன்பிடித் தடைச் சட்டம்.

தனியே! அப்ப நான் ஆர்? அப்பாவின்ரை தோளிலை கிடந்தது ஆர், மூட்டையோ? அம்மா அதுக்கு முதல் வருஷமே காய்ச்சலிலை போயிட்டா. என்னை விட்டிட்டுப் போக வீட்டிலை ஆளில்லை எண்டுதானே அண்டைக்கு என்னையும் வள்ளத்திலை ஏத்தினவர். உப்புத்தண்ணி மூக்குக்குள்ளை போனது எனக்கு இப்பவும் தெரியும். அவற்றை தலைமயிரை இறுக்கிப் பிடிச்சிருந்தது தெரியும்.

'என்பவர்' வேறு! ஒல்லாந்தத் தளபதிகளுக்கெல்லாம் பிறந்த ஊர்முதல் எழுதியவர், என் அப்பாவுக்கு ஒரு 'என்பவர்' போட்டுவிட்டு நடந்துவிட்டார். இந்தப் புத்தகம் பள்ளிக்கூட நூலகங்களுக்குப் போகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளே வாசிக்கும். அப்பா கடைத்தெருவால் நடந்து போகும்போது யாராவது பார்த்துச் சொல்லட்டும் – பார், அவர்தான், கைவிட்டவர்!

கதைகட்டுகிறவர்கள்தான் பொய் சொல்வார்கள் என்று யார் சொன்னது?

19 மாசி, திங்கள்

வேலைக்குப் போனேன். பிரதேச செயலகத்தில் ஒருவரோடும் கதைக்கவில்லை.

21 மாசி, புதன்

நமசிவாயம் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். கத்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "பிள்ளை, நான் என்ரை எண்ணத்துக்கு எழுதேல்லை. அந்த வள்ளத்திலை தப்பின ஒரு அம்மா சொன்னது. பின்னாலை குறிப்பிலை பேர் இருக்கு, பாருங்கோ."

"அவ பொய் சொல்லியிருந்தால்?"

"அப்ப நீங்கள் உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதித் தாங்கோ. ரெண்டாம் பதிப்பிலை பாப்பம்."

பார்ப்பாராம்! ஒரு மனிதனின் மானம் இரண்டாம் பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

குறிப்பைத் தேடிப் பார்த்தேன். இரத்தினம்மா, அளவெட்டி.

25 மாசி, ஞாயிறு

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. வரலாற்றை அவரிடம் காட்ட மனம் வரவில்லை. நாவலைக் கேட்டாவது சந்தோஷப்படட்டும் என்று அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். சிமியோன் மூன்றாவது முறை கடலுக்குள் பாய்ந்த இடத்தில், "நிப்பாட்டு" என்றார்.

"ஆர் உவன்?"

"நீங்கள்தான் அப்பா. பேரை மாத்தியிருக்கு."

"நான் திரும்பிப் போகேல்லை."

புத்தகத்தை மூடினேன்.

"உன்னைக் கரையிலை கிடத்திப்போட்டு இருந்தனான். கால் எழும்பேல்லை. சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் போகேல்லை. போனன் எண்டு எழுத உவன் ஆர்?"

எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை.

இந்த முப்பத்தெட்டு வயதுக்குள் அவர் அந்த நாளைப் பற்றி என்னிடம் கதைத்தது இதுதான் முதல் தடவை. கதைக்க வைத்தது ஒரு பொய்.

ஏன், அவர் செத்தால்தான் கனிசியஸுக்கு நல்லவரோ? களைத்துப்போய்க் கரையில் இருந்தவன், பிறகு பிள்ளையை வளர்த்தவன், பல்லில்லாமல் இடியப்பம் தின்கிறவன் – அவனை வைத்துக் கதை எழுத முடியாதாக்கும்! சிமியோனுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. தியாகத்துக்கு இடைஞ்சல் என்று என்னைப் பிறக்கவே விடவில்லை.

இரண்டு புத்தகத்திலும் நான் இல்லை.

27 மாசி, செவ்வாய்

என்னை அழவைத்த பக்கத்தைத் திரும்பவும் வாசித்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. உவமைகள்தான் தெரிகின்றன. இதையா நெஞ்சில் வைத்து அழுதேன்?

2 பங்குனி, சனி

அளவெட்டிக்குப் போனேன். லோஜன்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். "போன இடத்திலை சண்டை பிடியாதை" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் போனேன்.

இரத்தினம்மாவுக்கு எழுபது இருக்கும். வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பிஐயாவின் மகள் என்றேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"வித்தியாவோ?"

என் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்?

"வள்ளத்திலை என்ரை மடியிலைதானே இருந்தனீ. என்ரை சின்னவளோடை சேர்ந்து பிஸ்கற் திண்டனீ. உன்ரை பேரைக் கேட்டுக் கேட்டு அவள் சிரிச்சவள்."

ஆயத்தப்படுத்திக் கொண்டுபோன பேச்செல்லாம் மறந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். "அப்ப நான் இருந்தது தெரியும்தானே அம்மா. பிறகேன் தனிய நீந்திப் போனவர் எண்டு சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அது அடுத்த வசனத்தில்தான் வந்தது. "நடந்ததைச் சொல்லட்டோ? வள்ளம் பிரண்ட உடனை மூண்டு பிள்ளையளும் ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்ததுகள். நீயும் என்ரை ரெண்டும். நான் ஒரு வெறும் பிளாஸ்டிக் கானைப் பிடிச்சபடி எட்டத்திலை. கொப்பர் நீந்தி வந்தார். தன்ரை பிள்ளையைத் தூக்கித் தோளிலை போட்டார். போனார். இன்னொண்டையும் பிடிச்சிருக்கலாம். எனக்கு அப்பிடித்தான் தெரியுது. அவரிலை எனக்கு அப்பவும் கோவம், இப்பவும் கோவம். அந்தச் சேர் வந்து கேக்கேக்கை அவற்றை பேரைச் சொன்னதும் அதுதான்."

லோஜன் வாசல் படலையடியில் நின்று கொண்டிருந்தவர், இன்னும் கொஞ்சம் அப்பால் போய்விட்டார்.

"ஆனால் உன்னை ஏனடி பிள்ளை சொல்லவேணும்? நாலு வயசு. நீ என்ன செய்தனீ? மற்றதுகளை விட்டிட்டுத் தூக்கினது இவளைத்தான் எண்டு புத்தகத்திலை போட்டால், காணுற சனமெல்லாம் உன்னை எப்பிடிப் பாக்கும்? அதுதான் தனிய எண்டு சொன்னன். அவரும் அப்பிடியே எழுதிப்போட்டார்."

பிறகு, "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று உள்ளே போனார்.

3 பங்குனி, ஞாயிறு

பலகையில் மூன்று பேர். நான் ஒருத்தி.

4 பங்குனி, திங்கள்

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் பழைய கோபத்தைத் தேடினேன். 'தனியே' என்பது பொய்தான். ஆனால் அந்தப் பொய் எனக்காகச் சொல்லப்பட்டது. தன் இரண்டு பிள்ளைகளையும் கடலில் விட்டவர், மிஞ்சி வந்த என்னை ஊர் வாயிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். என்னை வெட்டி எறிந்த வரி என்று நினைத்தேன். ஒளித்து வைத்த வரி அது.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இப்போது அடுத்த வரியில் வந்து நிற்கிறது. 'சிறுவர்கள் உட்படப் பலர்.' பலர்! அந்தத் தாயின் வீட்டில் இருந்து, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்து, உங்கள் பிள்ளைகளின் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையா சேர்?

நானும் கேட்கவில்லை. அப்பாவின் மானத்தை மீட்கப் போனவளுக்கு அது தோன்றவில்லை.

9 பங்குனி, சனி

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரலாற்றில் உள்ள வரியையும் வாசித்தேன். கைவிட்டு என்ற இடத்தில் தலையை ஆட்டினார், சரியான கணக்கைக் கேட்பவர்போல. இரத்தினம்மா என்ற பெயர் வந்ததும் நிமிர்ந்தார்.

"அந்த மனுசி உயிரோடையோ இருக்கு?"

அவருக்குத் தெரியாது! வேறு வள்ளம் வந்து இரத்தினம்மாவை எடுத்து வேறு கரையில் விட்டிருக்கிறது. இத்தனை காலமும் தாயும் பிள்ளைகளுமாக மூன்று பேரையும் கடலில் விட்டதாகவே அப்பா நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பிறகு கேட்டார். "மாத்தி எழுதப் போறாங்களோ?"

"நீங்கள் வேண்டாமெண்டால் நான் விட்டுவிடுறன் அப்பா."

"எழுதட்டும். என்ரை பிள்ளையைத் தூக்கினன் எண்டு எழுதட்டும். பலகையிலை மூண்டு பேர் எண்டும் எழுதட்டும். ரெண்டிலை ஒண்டை மட்டும் எழுதிறதெண்டால் வேண்டாம்."

10 பங்குனி, ஞாயிறு

இரத்தினம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். எழுதுவதென்றால் அவர் சம்மதிக்க வேண்டும்.

"உனக்குத்தான் கரைச்சல் பிள்ளை. யோசிச்சனியோ?"

"யோசிச்சனான்."

"என்ரை பிள்ளையளின்ரை பேர் வருமோ?"

"வரும். இல்லாட்டி நான் விடமாட்டன்."

"அப்ப எழுது. மூத்தவன் வாகீசன். சின்னவள் சாருஜா." பிறகு, "எழுத்துப் பிழை விடாதை."

24 பங்குனி, ஞாயிறு

நல்லூரில் பேசினேன். இரண்டு புத்தகத்திலும் நல்லதாகத் தெரிந்ததை முதலில் சொன்னேன், அது பொய்யில்லை. பிறகு நடந்ததைச் சொன்னேன், என் பெயரோடு, பலகையோடு.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, நாவலை நாவலாகத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் வேறு எப்படிப் பார்த்தேன்? அழுதேன், பிறகு யோசித்தேன். அதுதானே வாசிப்பது? திரையில் நோர்வேயிலிருந்து கனிசியஸ் வந்தார். மரியாதையான மனிதர். அது புனைவு என்றார். சிமியோன் எங்கள் இனத்தின் தியாகத்துக்கு ஒரு குறியீடு என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அந்தக் குறியீட்டுக்கு நான் மத்தியானம் மருந்து குடுக்கவேணும். கெதியா முடிச்சால் நல்லம்" என்றேன். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கனிசியஸும் சிரிக்கவில்லை. "அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். விசாரிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

நமசிவாயம் சேர் கடைசியில்தான் எழுந்தார். தன் தரப்பைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "பிள்ளையளின்ரை பேரை நான் கேக்கேல்லை. கேட்டிருக்கவேணும்" என்றார். திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் லோஜன் கேட்டார், "இப்ப கோவம் ஆறிட்டுதோ?" பாதி என்றேன்.

6 சித்திரை, சனி

அலுவலகத்தில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: மற்றவையின்ரை பிள்ளையளைச் சாகவிட்டுத் தப்பின ஆள்தானே இவ. இரத்தினம்மா சொன்னது அப்படியே நடந்தது. மனம் எரிந்தது. ஆனாலும் அந்த வரியைப் பழையபடி விட்டிருக்கலாம் என்று நினைக்கவில்லை.

20 ஐப்பசி, ஞாயிறு

இரண்டாம் பதிப்பு வெளியீடு. 'தம்பிஐயா தன் நான்கு வயது மகள் வித்தியாவைத் தோளில் சுமந்து நீந்திக் கரையேறினார். அவள் பற்றியிருந்த பலகையில் வாகீசன், சாருஜா என்ற சகோதரர்களும் இருந்தனர். அவர்கள் மீட்கப்படவில்லை.' கைவிட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டார். வீரம் என்றும் எதுவும் போடவில்லை. வரலாறு எழுதத் தெரிந்த மனுஷன்தான். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அப்பா வரமாட்டார் என்றே நினைத்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படலையில் போய் நின்றார். மண்டபத்தில் இரத்தினம்மா முன்னுக்கே இருந்தார். அப்பா பின் சுவரோடு நின்றார். பேச்சுகள் நடந்தன. மேடையில் என்னைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், சுவரடியில் அப்பா இல்லை. முன்வரிசையில், இரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். இருவரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டோவில் வரும்போது கேட்டேன். "அவவோடை என்னப்பா கதைச்சனீங்கள்?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார்.

"அவ பக்கத்துக் கதிரையை எனக்கெண்டு அரக்கி விட்டா. நான் இருந்தன்."