பன்னிரண்டு கோட் கறுப்புப் பெயிண்ட்

காங்கேயம்
18.7.2025

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ அசாமில் கையும் காலும் முழுசாக நன்றாக இருக்கிறாய் என்ற சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ கேட்ட நம் பழைய மோட்டார் சைக்கிளை அனுப்பவில்லை. ஈரோட்டில் ரயில்வே பார்சல் ஆபீஸ் வரை கொண்டுபோய், டேங்கிலிருந்த பெட்ரோலை இறக்கி, சாக்கு சுற்ற ஆரம்பித்த பிறகு திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று போனில் நீ மூன்று தடவை கேட்டாய், நான் மழை, கூட்டம், ஆள் இல்லை என்று ஏதேதோ சொன்னேன், எல்லாம் பொய். இந்த மாதத்துக்குள் வண்டி வராவிட்டால் உன் பேங்க் கேஷியர் துர்லப் விற்கிற பழைய வண்டியை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாயே, அதனால்தான் இந்தக் கடிதம். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே என்று நேற்று ஒரு வரி மட்டும் சொன்னேன், காரணத்தை இதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்து விட்டுவிடுவாய் என்று உன் அம்மாதான் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

நீ வண்டி கேட்டபோது நான் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். பொட்டப்புள்ள அந்த ஊர்ல மோட்டார் சைக்கிள்ல போறதா என்று அம்மா முனகினாள், பதினெட்டு வயதில் ஓட்டியவள் இருபத்தாறு வயதில் ஓட்டமாட்டாளா என்று நான்தான் வாயை அடைத்தேன். ஒரு மாதமாக மெக்கானிக் சுப்ரான் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன், ரிங்கு, கிளட்ச் பிளேட்டு, செயின் செட்டு, ஹேண்டில் கோன் செட்டு, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ, முன்பக்க ஃபோர்க்குக்கு ஆயில் சீல், டயர், டியூப் எல்லாம் புதுசு. சாமானை நானே கோயமுத்தூர் போய் வாங்கி வந்தேன், கழற்றிய பழைய சாமானையும் ஒன்று விடாமல் என் முன்னால் வைக்கச் சொன்னேன். அண்ணா நீங்க உக்காந்திருந்தா எங்க பட்டறையில ஈ கூட கமிஷன் கேக்க மாட்டீங்குது என்றான் சுப்ரான். என் வியாபாரப் புத்தி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எஞ்சின் கீழே இறங்கிக் கிடந்த அன்று அவன், வண்டி வெறும் பிரேமா நிக்குது, பழைய பெயிண்ட்டை முழுக்க உரிச்சுட்டு புதுசா அடிச்சரலாங்ணா, மகளுக்குப் போற வண்டி என்றான். நான் அவசர அவசரமாக வேண்டாம், அதை நானே அடிச்சுக்கறேன் என்றேன். காசுக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே சின்ன டப்பா ஒன்று வாங்கி, வழக்கமான பிரஷ்ஷால் பிரேம் முழுக்க ஒரு கோட் கறுப்பு அடித்தேன். அது பன்னிரண்டாவது கோட்.

முதல் கோட் எதற்கு அடித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் நீ பத்தாம் வகுப்பு. அப்போது நமக்குக் கடை கிடையாது, சென்னிமலையில் போர்வையும் ஜமுக்காளமும் எடுத்து வெள்ளகோவில், மூலனூர் வரை ஊர் ஊராகத் தவணைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கு இரண்டு பக்கமும் இரும்பு கேரியர் வைத்து, பக்கத்துக்கு இரண்டு மூட்டை. அது ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் போய்வரச் செய்த வண்டி, நான் அதன்மேல் ஏற்றியது மாட்டுவண்டிப் பாரம். அந்த ஆடி மாதத்தில் சீட்டுக்கு அடியில், பின்பக்க ஷாக்அப்சர்பரின் மேல்முனை வந்து சேர்கிற இடத்தில் பிரேம் குழாய் பாதிக்கு வெடித்து விட்டுவிட்டது. சென்னிமலை ரோட்டில் ஒரு வெல்டிங் கடையில் பட்டை வைத்து ஒட்டவைத்தேன். ஒட்டியவரே சொன்னார், இது தாங்காதுங்க, ஊடு போயிச் சேர்றதுக்குத்தான் ஆகும், பிரேமை மாத்தீருங்க என்று. ஆடி முடியட்டும் என்றேன். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, ஒட்டுத் தெரியாமல் இருக்க முழு பிரேமுக்கும் கறுப்பு அடித்து, வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது ஒரு பொட்டைச் சரியாக அந்த இடத்துக்கு மேலேயே வைத்தேன். வேண்டுதல் மாதிரி. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு கோட், வருடத்துக்கு ஒரு பொட்டு. இந்த மனுசன் வண்டியைப் புள்ளை மாதிரி வெச்சிருக்காரு என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள், நான் தலையை ஆட்டிக்கொள்வேன். அந்த ஆடியோடு சேர்த்துப் பதினோரு ஆடி முடிந்துவிட்டது. நேற்று மறுபடியும் ஆடி பிறந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய். மறக்கவில்லை அம்மணி, நினைக்காமல் இருந்தேன்.

ஈரோட்டில் நடந்தது இது. பார்சல் கட்டுகிற ஆள் பொங்கியண்ணன் என்று பெயர், என் வயதுதான் இருக்கும், சாக்கும் வைக்கோலும் வைத்து வண்டியை மணப்பெண் மாதிரி சுற்றிவிடுவதில் கைதேர்ந்தவர். அசாம் வரைக்கும் போகோணும், நாலு எடத்துல தூக்கிப் போடுவானுக என்று சீட்டின் மேல் ஏறி முட்டிபோட்டு, பின்பக்கத்தை அமுக்கிக் கயிற்றை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், பேனா மூடி போடுகிற மாதிரி. எங்கிருந்து வந்த சத்தம் என்று எனக்கு மட்டும்தானே தெரியும். அவர் இறங்கி, சீட்டைக் கழற்றி, குனிந்து பார்த்தார். பெயிண்ட் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, காசு கனம் இருந்தது அந்தச் சில்லு. அதன் அடியில் பழுப்பு நூல் மாதிரி துருக்கோடு, குழாயைச் சுற்றி முக்கால்வாசி. அவர் நகத்தை வைத்தார், நகம் உள்ளே போயிற்று. யாருங்க ஓட்றதுக்குப் போகுது என்றார். என்ற மக என்றேன். கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "கட்டறதுக்கு எனக்குக் கூலி வருமுங்க, வேணும்னா கட்டிக் குடுத்தர்றேன். அங்க போயி அந்தப் புள்ளைக்கு ஒடஞ்சுதுன்னா, கட்டி உட்டவன் நானுன்னு எனக்குத் தெரியுமில்லீங்க?" இதைக்கூட எழுதிவிடுகிறேன். என் பையில் மிச்சம் இருந்த கறுப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன, வழியில் கீறல் விழுந்தால் தொட்டு வைக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். என் கை பைக்குள் போய்விட்டது. டப்பாவைத் தொட்டுவிட்டது. அதன் பிறகுதான் நான் பயந்தேன், வண்டியைப் பார்த்து அல்ல, என் கையைப் பார்த்து.

குட்டியானை வேன் பிடித்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. அப்ப நம்ம மூணு பேரும் மழையில பழனிக்குப் போனது இதுலதானா என்று மட்டும் கேட்டாள். அதிலேதான். நீ பன்னிரண்டாவது முடித்த வருடம், நடுவில் நீ, பின்னால் அம்மா, மடியில் தேங்காய்ப் பழப் பை. தாராபுரம் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, ஒவ்வொரு குழிக்கும் நீ சிரித்தாய். அந்தக் குழாய் விட்டால் என்ன ஆகும் என்று சுப்ரானிடம் கேட்டேன். சீட்டு அப்படியே சக்கரத்து மேல உக்காரும், சக்கரம் பூட்டிக்கும், அப்புறம் பின்னாடி என்ன லாரி வருதுங்கறதுதான் கணக்கு என்றான். அன்று முதல் நான் கடையில் உட்கார்ந்தால் போர்வைக்கு விலை சொல்ல வரவில்லை, ஒவ்வொரு குழியாக ஞாபகம் வருகிறது. நீ டியூஷன் போன நாள், கல்லூரிக்கு நீயே ஓட்டிப்போன நாள், நொய்யல் பாலத்தில் எதிர்க்காற்றில் உன்னை எண்பதில் போகச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து நான் பெருமைப்பட்ட நாள்.

சுப்ரான் ஒரு வழி சொன்னான். மூலனூரிலிருந்து பால் எடுக்கிற ஒருவர் வண்டி தேடுகிறாராம், எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் பதினேழாயிரத்துக்கு ஒத்துக்கொண்டாராம். ரெண்டு டேக் வெல்டிங்கு, ஒரு கோட் பெயிண்ட்டுங்ணா, ஆத்தா சத்தியமா ஒருத்தருக்கும் தெரியாது என்றான். பால்காரர் கேனை எங்கே மாட்டுவார்? நான் மூட்டையை மாட்டிய அதே இடத்தில், பக்கத்துக்கு நாற்பது லிட்டர். வேண்டாம் என்றேன். போர்வைக் கடைக்காரருக்குத் திடீர்னு ஞானம் பொறந்துருச்சுடோய் என்று பட்டறையில் இருந்த எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். பதினேழாயிரம் எனக்கும் சின்னப் பணம் இல்லை, ரிப்பேருக்கே பதினோராயிரத்து நானூறு ஆகியிருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். துர்லப் நல்ல பையன் என்று சொன்னாய், இருக்கட்டும். என்னையும்தான் இந்த ஊரில் எல்லாரும் நல்ல மனுசன் என்கிறார்கள். அந்த வண்டியை அவனுக்கு யார் விற்றார், அவருக்கு யார் விற்றார் என்று உனக்குத் தெரியாது, நடுவில் எங்கோ என்னை மாதிரி ஒரு ஆள் பிரஷ்ஷோடு நின்றிருப்பான். போட்டோவில் வண்டி பளபளவென்று இருக்கிறது என்று நீ அனுப்பியதிலிருந்துதான் எனக்கு அதிகம் பயம். எப்படியும் அதைப் பார்த்தே தீருவேன் என்றால் வெயிலில் நிறுத்தச் சொல், சீட்டைக் கழற்றச் சொல், ஷாக்அப்சர்பர் சேரும் இடம், ஹேண்டிலுக்குக் கீழே கழுத்து, சக்கரத்தைத் தாங்குகிற கைகள், இந்த மூன்று இடத்திலும் ஒரு ரூபாய்க் காசால் சுரண்டு. மற்ற இடத்தைவிட பெயிண்ட் தடிப்பாக இருந்தால் காரணம் கேட்காதே, திரும்பி வந்துவிடு. சுரண்டவிடமாட்டேன் என்று சொன்னாலும் திரும்பி வந்துவிடு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதே, எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், நீ நடந்து வரலாம். நீ பேங்குக்குப் போகிற இருபத்திரண்டு கிலோமீட்டரில் பாதி ஜல்லி ரோடு என்கிறாய், மறுபக்கம் ஆறு என்கிறாய், எனக்கு அந்த ஆற்றின் பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. ஆகையால் அங்கேயே புது வண்டி வாங்கு. பணம் நான் போடுகிறேன், கடன் என்று நினைக்காதே, திருப்பித் தருகிறேன் என்று பேச்சை எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வாங்கிய பிறகு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் செயினைத் துடைத்து எண்ணெய் விடு, செயின் தொய்வு இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகக்கூடாது. காற்றை டயர் சூடாவதற்கு முன் காலையில் பார். வாட்டர் சர்வீஸ்காரர் பளபளப்புக்கு டீசல் அடிக்கிறேன் என்றால் சக்கரம் பக்கம் அடிக்கவிடாதே, பிரேக்குக்குள் போனால் அடுத்த நாள் பிடிக்காது. பின்னால் ஒரு ஆள், அவ்வளவுதான், மூட்டை வேண்டாம். அங்கே ஆயுத பூஜை கொண்டாடினால் கழுவிப் பொட்டு வை. பெயிண்ட் மட்டும் அடிக்காதே. உடைந்தது என்றால் உடைந்தது கண்ணுக்குத் தெரியட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆவணியில் அத்தை வீட்டுக் கல்யாணம், லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அவசரமாக ஓடிவர வேண்டாம். கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய், என் மேல் கோபம் இருந்தால் அதை அவளிடம் சொல், அவளுக்குத் துணை கிடைத்த மாதிரி இருக்கும், என்னோடும் பேச ஆரம்பிப்பாள். துர்லப்பிடம் வண்டி வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிடு, இதுதான் முக்கியம். சிவன்மலை முருகன் உன் கூடவே வரட்டும், நீ போகிற ரோடெல்லாம் உனக்குச் சமமாக இருக்கட்டும்.

உன் நன்மையை மட்டும் நினைக்கிற அப்பா,
சென்னியப்பன்

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் பழைய இரும்புக்காரர் வந்துவிட்டார். எஞ்சினும் சக்கரமும் மற்ற புதுச் சாமானும் சுப்ரான் எடுத்துக்கொண்டான், ஏழாயிரத்து ஐந்நூறு. நம்பர் பிளேட்டும் ஆர்.சி.யும் என்னிடம் இருக்கின்றன, ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக்கொடுத்து ரத்து செய்துவிடுவேன். வெறும் பிரேமை அப்படியே கொடுத்தால் ஆயிரம் ரூபாய் என்றார் இரும்புக்காரர், யாராவது ஒட்டி ஓட்டுவார்களாம். அறுத்துத்தான் கொடுப்பேன் என்றேன். அறுத்தா வெறும் எடைக்குத்தானுங்க என்றார். சரி என்றேன். நம் வாசலில், அம்மா பார்த்துக்கொண்டு நிற்க, அந்த ஒட்டின் மேலேயே ரம்பத்தை வைத்து இரண்டாக அறுத்தார். பதினோரு கிலோ, கிலோ முப்பது, முந்நூற்று முப்பது ரூபாய்.