மெக்சிகோவில் நமக்குச் சொந்தக்காரர்கள்

நான் சலாம் சொன்னால் "வணக்கம்டா" என்று பதில் சொல்லிச் சிரிக்கும் என் அண்ணன் ஹனீபா நானாவுக்கு,

நீங்க மவுத்தாகி எங்களை விட்டுப் போய் மாசம் ஒண்ணு ஆகப்போகுது. பதுளை பஜாரில் உங்க கடையை மருமகன் திறந்துட்டார். லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குப் போகுது. ப்ரொஜெக்டரைத்தான் சீந்துவாரில்லை, எல்லாருக்கும் இப்ப வீடியோ டெக்கு வேணுமாம். உங்க காதில் விழுந்திருந்தா என்ன ஏச்சு ஏசியிருப்பீங்க!

நம்ம ஆய்வு முடிஞ்சிருச்சு நானா. மெக்சிகோ சினிமாவும் பண்பாட்டு அடையாளமும். வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டே இத்தனை வருசம் இழுத்தடிச்சதை ஒருவழியா பல்கலைக்கழகத்தில் ஏத்துக்கிட்டாங்க. "நம்ம" ஆய்வுன்னுதான் சொல்லுவேன், நீங்க இல்லாட்டி அது ஏது?

தொடங்கின புதுசில் நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும். "தோட்டத்துப் பொடியன், ஒனக்கும் மெக்சிகோவுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பேராசிரியர் கேட்டார். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தா, இந்தியாவுக்கே திரும்பிப் போறதா எழுதிக் கொடுத்திருந்த எங்க அண்ணன் பிடிச்சுக்கிட்டார். "நீயும் கையெழுத்துப் போடுடா. இங்க நம்மள இந்தியாக்காரன்ங்கிறான்."

"அங்க போனா சிலோன்காரன்ம்பான்."

"அப்ப நாம யாருதாண்டா?" என்றார் அண்ணன். படிப்பாவது ஒண்ணாவது, விட்டுட்டுக் கப்பல் ஏறிடலாம்னு உங்ககிட்ட வந்து சொன்னேன்.

நீங்க புத்தி சொல்லலை. "போறதுன்னா போ. அதுக்கு முந்தி அந்த மெக்சிகோ படத்த ஒங்கட ஆக்களுக்கு ஒருக்கா காட்டிட்டுப் போ" என்றீங்க. கொழும்பில் நான் இரவல் வாங்கி வச்சிருந்த ரீலை, உங்க ப்ரொஜெக்டரில் மாட்டி, தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் வேட்டியைக் கட்டி ஓட்டினோம். ஸ்பானிய மொழியில் பேசினது ஒருத்தருக்கும் விளங்கலை. ஆனா ஒருத்தரும் எழுந்து போகலை.

திரையில் ஒரு பொம்பளை குந்தி உட்கார்ந்து ரொட்டி தட்டினாள். "அட, நம்ம ரொட்டி!" என்று பேச்சியம்மா அத்தை கத்தினாங்க. கல்லில் மொளகா அரைச்சாள். குதிரை மேல துரை வந்தான், சனம் தலைகுனிஞ்சு நின்னது. செத்தவங்களுக்குப் பூவும் சாப்பாடும் வச்சுப் படையல் போட்டாங்களே, அவ்வளவுதான். நம்ம பொம்பளைங்க எழுந்து நின்னு திரையைக் கும்பிட்டாங்க.

"இதுவும் நம்ம சனந்தான்யா. கப்பல் மாத்தி ஏத்திட்டானுங்க" என்று அத்தை அழுதாங்க. அவங்க தாத்தாவோட தம்பி துறையூரிலிருந்து வேற கங்காணியோட போனவராம், சேதியே இல்லையாம். "தம்பி, அந்தப் பக்கம் போனா அவரு வகையறா இருக்காங்களான்னு விசாரிப்பியா?"

இல்லை அத்தைன்னு வரைபடத்தோட விளக்கக் கிளம்பின என் கையைப் பிடிச்சு இழுத்தீங்க. "வாய மூடுடா தம்பி. அவங்களுக்குச் சொந்தக்காரங்க கெடச்சீக்கி. நீ என்னத்துக்கு இல்லேங்கிற?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டு நாடும் "நீ எங்க ஆளில்லை"ன்னு தள்ளிவிட்ட சனம், யாரையும் கேட்காம ஒரு நாட்டையே தன் ஆளுன்னு சேர்த்துக்கிட்டதே! நான் கையெழுத்துப் போடலை. அண்ணனைத் தலைமன்னாருக்கு வழியனுப்பிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். என்னை இந்த மண்ணில் நிறுத்தி வச்சது நீங்கதான் நானா. உயிரோட இருந்தப்போ இதைச் சொல்லியிருந்தா "போடா பைத்தியம்"ன்னு டீ ஊத்திக் கொடுத்திருப்பீங்க.

உங்க ஜனாஸாவில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன். என் நெத்தித் திருநீற்றைப் பார்த்துட்டு, வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருத்தர் மெதுவாக் கேட்டார்: "நீங்க யாரு?"

நான் யோசிக்கவே இல்லை நானா. "தம்பி" என்றேன். அவர் நகர்ந்து, எனக்கு இடம் விட்டார்.

உங்க சின்ன மகள் நிக்காஹ்வைப் பத்திக் கவலைப்படாதீங்க. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வாசலில் அவளோட சித்தப்பாவா நான் நிற்பேன்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் சாச்சா,
உங்க தம்பி முருகேசு