மார்பு முப்பத்து நான்கு, இடுப்பு முப்பத்தேழு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அடுத்தாற்போல் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் அதை எழுத மனம் வரவில்லை, கடிதம் இவ்வளவு தாமதமானதற்கு அதுதான் காரணம். போனில் அப்பா உன்னிடம், "உங்கம்மா என்னை ஊர் முன்னாடி சட்டையைக் கழட்ட வெச்சுட்டா" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுக்காமலே வைத்துவிட்டார், நீ என்னவோ ஏதோ என்று பயந்து மூன்று முறை கூப்பிட்டாய். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நம் தெரு முனை நூலகத்து மாடிக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. நம்மைப் போன்ற தெற்காசிய மக்கள் என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம், உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிற ஆராய்ச்சி. நான் பெயர் கொடுத்தேன், கூட அப்பாவையும் சேர்த்துவிட்டேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை, சந்தோஷமாகவே வந்தார். "வரேன் டீச்சர், ஒல்லியா இருக்கிறவன் எப்படி இருப்பான்னு அவங்களுக்கும் ஒரு மாதிரி வேணும்ல" என்று சொல்லி, கடையில் புதிதாகத் தைத்த சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவில் எல்லாரும் அவரை ஊசி மாஸ்டர் என்றுதானே கூப்பிடுகிறார்கள், தையல்காரர் என்பதற்குப் பாதி, உடம்புக்குப் பாதி. நான் குண்டு என்பது ஊரறிந்த விஷயம். "உன் உடுப்புல இனிப் பிரிச்சு விடத் துணியே இல்ல டீச்சர்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லுவார், நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் என் கவலை வேறு. உன் பெரியப்பாவுக்கும் இதே வாகுதான், மெலிந்த கை, மெலிந்த கால். அவருக்குச் சர்க்கரை இருப்பது கால்விரலை எடுத்த அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அப்பாவை எப்படியாவது ஒரு தடவை ரத்தம் கொடுக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம், ஆராய்ச்சி எல்லாம் ஒரு சாக்கு.

அங்கே அளவெடுக்க ஒரு பெண் இருந்தாள், படித்து முடித்து முதல் வேலையாம், மிகவும் மரியாதையான பெண். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, மேசையில் சின்னதும் பெரியதுமாகக் கிண்ணங்களை அடுக்கி, எந்தக் கிண்ணத்தில் சோறு என்று காட்டச் சொன்னாள். அப்பா மருந்து கலக்குகிற அளவில் இருந்த கிண்ணத்தைக் காட்டினார். நான் பின்னாலிருந்து கடைசிக் கிண்ணத்தைக் காட்டினேன். அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டாள். பிஸ்கட் உண்டா என்று கேட்டதற்கு, "அது டீயோட வர்றதும்மா, தனிக் கணக்கு கிடையாது" என்றார். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. சட்டையைக் கழற்றச் சொல்லி இஞ்சு டேப்பைக் கையில் எடுத்தாளே, அங்கேதான் வந்தது வினை. அவள் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பார்த்து, இடுப்பு எலும்பைத் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினாள். அப்பா டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டார். "இது இடுப்பு இல்லம்மா, வயிறு. இடுப்பு கீழ இருக்கு, பேண்ட் எங்க நிக்குதோ அதான் இடுப்பு. நாப்பது வருஷமா இந்த ஊருக்கே இடுப்பு எடுக்கிறவன் நான்." அவள் "ஐயா, ஆராய்ச்சிக்கு இங்கதான் எடுக்கணும்" என்கிறாள், இவர் டேப்பைக் கீழே இழுக்கிறார், அவள் மேலே இழுக்கிறாள், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் இவர் இறங்கிவந்தார், ஆனால் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. "ஐயா, ஒரு கோட்டுக்கு எவ்வளவு துணி ஆகும்?" என்று கேட்டாள். தொழிலைப் பற்றிக் கேட்டால் உன் அப்பாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா, "அது ஆளைப் பொறுத்தும்மா" என்று ஆரம்பித்தார், வயிறு வெளியே வந்தது, அவள் அந்த அளவையும், அடுத்து எடுத்த மார்பு, மேல்கை, தொடை அளவுகளையும் உரக்கச் சொன்னாள், கூட இருந்தவர் எழுதிக்கொண்டார்.

பிறகு இரண்டு உலோகத் தகடுகளின் மேல் வெறுங்காலோடு நின்று கைப்பிடிகளைப் பிடிக்கிற மெஷின். எனக்குக் கொழுப்பு இருக்கிறது, கூடவே தசையும் நன்றாகவே இருக்கிறதாம், படியேறி இறங்கி நாளெல்லாம் நின்று பாடம் எடுத்த கால்கள் அல்லவா. முழங்காலுக்காக எடையைக் குறைக்கச் சொன்னார்கள், அதை மறைக்க மாட்டேன். அப்பாவுக்குத்தான் எடை குறைவு, ஆனால் கொழுப்பின் பங்கு அதிகம், தசை போதாது என்று வந்தது. அங்கே இருந்த டாக்டர் அம்மாள் நிதானமாக விளக்கினார். நான் உனக்கு என் பாணியில் சொல்கிறேன். விருந்தாளி வருகிறார் என்றதும் இறைந்து கிடக்கிற சாமான்களை எல்லாம் அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்துகிறோம் இல்லையா, கூடம் பளிச்சென்று இருக்கும், அலமாரியைத் திறந்தால் தலையில் விழும். நம் மக்களில் பலருக்கு உடம்பு அப்படி, வெளியே மெலிவு, சாமான் எல்லாம் வயிற்றுக்குள்ளே ஈரலைச் சுற்றி. அப்பா விடவில்லை, "இது வெள்ளைக்காரனுக்குச் செஞ்ச மெஷின், நம்ம ஆளுங்களுக்குத் தனிக் கணக்கு இருக்கும், அதப் பாருங்க" என்றார். இருக்கிறது என்றார் டாக்டர். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். கருணை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிடுவார்கள் என்று நினைத்தார் பாவம், நமக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணையே உயர்த்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தாங்குகிற எடையை, அவர்கள் தாங்குகிற வயிற்றை நம் உடம்பு தாங்காதாம், ஆண்களுக்கு முப்பத்தைந்தரை இஞ்சு, பெண்களுக்கு முப்பத்தொன்றரை இஞ்சு, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம். "டேப் பிடிக்கவே தெரியாத இடத்துல நான் ரத்தம் குடுக்க மாட்டேன்" என்று சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் சொல்லாத விதம் இல்லை. கெஞ்சினேன், பேசாமல் இருந்தேன், பெரியப்பாவின் காலை நினைவுபடுத்தினேன், எழுந்து வெளியே போய்விட்டார். மந்தமான பிள்ளைக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுக்கலாம், எல்லாம் தெரியும் என்கிற பிள்ளையை என்ன செய்வது? அவனுக்குத் தெரிந்த பாடத்திலேயே கேள்வி கேட்க வேண்டும், அதுதான் வழி. உன் அப்பாவுக்கு ஊரிலுள்ள எல்லார் அளவும் தெரியும், தன் அளவு தெரியாது. பழைய பேண்டை மேலே வைத்து அதே போல வெட்டிக்கொள்வார், ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் லூஸ் இருக்கட்டும்" என்று கால் இஞ்சு கூட்டிக்கொள்வார். அதனால் ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். பஸ் டிரைவர் ஒருவர் சீருடைக்காகப் பெஞ்சில் காத்திருந்தார். "என்னங்க, எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு பேண்டும் சட்டையும் வேணும், அவரால வர முடியாது, அளவு மட்டும் தெரியும்" என்றேன். சாக்பீஸை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி, சொல்லு என்றார். அந்தப் பெண் உரக்கச் சொன்னது அத்தனையும் எனக்கு மனப்பாடம். மார்பு முப்பத்து நான்கு, மேல்கை ஒன்பது, தொடை பதினெட்டு என்றேன். எழுதினார். இடுப்பு முப்பத்தேழு என்றேன். சாக்பீஸ் நின்றுவிட்டது.

"சரியாச் சொல்றியா டீச்சர்? மாரைவிட இடுப்பு பெருசா?" என்றார். சரியாகத்தான் சொல்கிறேன், ஆள் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியாம என்ன. கையும் காலும் குச்சி, நடுவுல மட்டும் வேற ஒரு ஆள் உக்காந்திருக்கான். சட்டையை வெளிய விட்டா யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது." டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்த அளவுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "எங்கண்ணனுக்குக் கடைசியாத் தைச்சப்ப இந்த அளவுதான் வந்துச்சு" என்றார். "துணி அப்புறம் தைக்கலாம், முதல்ல அந்த ஆளைப் போய் ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்லு. வீட்ல எடுத்துச் சொல்ல ஆள் இல்லையா அவனுக்கு?" நான் சொல்லிவிட்டேன், "இருக்கா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னவ. இவர் ஒருத்தர்தான் கேக்க மாட்டேங்கிறார்." அவர் என்னைப் பார்த்தார், சுவரில் எழுதியதைப் பார்த்தார், குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். டிரைவர் எழுந்து, "மாஸ்டர், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நாளைக்கு வரேன்" என்று நழுவிவிட்டார். அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு, துணி போட்டுப் பார்க்கிற மறைப்புக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியில் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "அந்தப் பொண்ணு தப்பா எடுத்திருக்கா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "முப்பத்தேழு இல்ல, முப்பத்தேழரை" என்றார்.

மறுநாள் காலை பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அவராகவே நூலக மாடிக்கு என்னோடு வந்தார். நாளெல்லாம் ஊசியோடு பழகுகிறவர், அங்கே நீட்டிய ஊசியைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் சொன்னதாக அவரிடம் கேட்காதே. சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம், இன்னும் நோய் ஆகவில்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சோற்றைக் குறைத்துப் பருப்பும் முட்டையும் காய்கறியும் கூட்டுங்கள், சாப்பிட்ட பிறகு நடங்கள், முக்கியமாகப் பளு தூக்கித் தசையை வளருங்கள் என்றார் டாக்டர். ஒல்லியாக இருப்பவர் உடம்பைக் குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டும் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பிவந்தது போல் இருக்கிறது. கடையில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்குகிறார். நேற்று பக்கத்து மருந்துக்கடைக்காரர், "மாஸ்டர், யாரை அடிக்கப் போறீங்க?" என்று கேட்டாராம். அளவெடுக்க வருகிறவர்களைச் சும்மா விடுவதில்லை, விலாவைத் தொட்டு, இடுப்பு எலும்பைத் தொட்டு, நடுவில் ஒரு தடவை எடுத்துவிட்டு, "இது துணிக்கு இல்ல, உங்களுக்கு" என்கிறார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள், ஆறு பேர் நூலக மாடிக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் வந்து நன்றி சொன்னாள். இவர் அவளை நிற்கவைத்து, டேப்பை முறுக்கில்லாமல் பிடிப்பது எப்படி என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கண்ணு. உனக்கு முகம் என்னுடையது, உடம்பு அப்பாவுடையது. போன தடவை பேசும்போது, "நான் என்ன சாப்பிட்டாலும் ஏறாதும்மா" என்று சொன்னாய், எனக்குச் சுரீரென்றது, அதே வாக்கியத்தை இந்த வீட்டில் நான் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் ரொட்டித்துண்டு, நாளெல்லாம் நாற்காலி, ராத்திரி வேலை முடிந்து வந்து கண்டதையும் சாப்பிட்டுப் படுப்பது என்று மாப்பிள்ளை சொன்னார், அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். ஒரு நாள் காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா, தள்ளிப்போடாதே. அப்பா உனக்குக் குளிருக்கு ஒரு கோட்டுத் தைக்கத் துணி எடுத்துவிட்டார், நல்ல நீலம், உனக்குப் பிடிக்கும். ஆனால் உன் பழைய அளவை வைத்து வெட்ட மாட்டாராம், புது அளவு வர வேண்டுமாம், நீயே எடுத்தால் நம்ப மாட்டாராம், மாப்பிள்ளைதான் எடுக்க வேண்டுமாம், இடம் எது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நீண்ட காலம் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு வாழ எங்கள் ஆசிகள். உன் அளவையும் ரத்த முடிவையும் சேர்த்தே அனுப்பு, ஒன்றை அனுப்பிவிட்டு இன்னொன்றை மறக்காதே. அதுவரை அந்த நீலத் துணி வெட்டுமேசை முழுக்க விரித்தபடி கிடக்கிறது, யாரையும் தொட விடுவதில்லை, ஊரார் துணியெல்லாம் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறோம்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா