டாக்டர் காதில் விழுந்தது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், பள்ளிக்கூடத்தை விட்டபின் அவள் பேனா எடுப்பதே உனக்கு எழுதத்தான். ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டபோது மழுப்பிவிட்டேன், வெட்கமாக இருந்தது. நீ சொன்னபடி அந்தப் புது ஆஸ்பத்திரிக்குப் போனோம். தரையெல்லாம் பளபளவென்று, நடக்கவே பயம். அந்த டாக்டர் என் காலைத் தொடவே இல்லை, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்றார். வெளியே வந்ததும் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண், உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சாம்மா என்று கேட்டாள். பாவம், நின்றபடியே எல்லோரையும் கேட்கிறாள், மனசு நோகக் கூடாதே என்று ரொம்பத் திருப்தி என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். முன்னாடி யாருகிட்ட காட்டினீங்க என்றாள். எங்க தெருவில ஒருத்தர், எது வந்தாலும் அதே மாத்திரைதான், இத்தனை வருஷம் வீணாப் போச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உன் தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பினால் நம் தெரு டாக்டரே நிற்கிறார். அவரிடம் காட்டுகிற யாரோ அங்கே படுத்திருக்கிறார்களாம், பழப் பையோடு பார்க்க வந்திருக்கிறார். உன் காமாலைக்குத் தினமும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீடு தேடி வந்த மனுஷன். எதுவும் கேட்காதவர் போல, முட்டி எப்படிம்மா இருக்கு, மாடிப்படி ஏறாதீங்க என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதிலிருந்து ரொட்டி வாங்கக்கூட அவர் கிளினிக்கைத் தாண்டிப் போவதில்லை, இந்தக் காலை வைத்துக்கொண்டு பின்தெருவைச் சுற்றுகிறேன். நடந்தா கால் சரியாயிடும்னு புது டாக்டர் சொன்னாரா என்று உன் அப்பா கிண்டல் செய்கிறார். ஆனால் இந்தக் காலில் கத்தி வைக்கலாமா என்று நம் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? அம்மா தெரியாம சொல்லிட்டா என்று அவரிடம் உன்னைப் பேசச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், தெரிந்துதான் சொன்னேன்.

ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதே. நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அம்மா

அண்ணா, இது நான். அம்மா நேற்று கிளினிக் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள். இன்று நான் மட்டும் போனேன். கதவோரம் நின்றேன். டாக்டரே எட்டிப் பார்த்து, உங்கம்மா ஏன் வரலை, கால் வலி அதிகமாயிடுச்சா என்று கேட்டார். சாயங்காலம் வருவாங்க என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவள் செருப்பை எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன்.